கழற்றின சாமான்

பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒன்றுக்கு மதிப்புச் சொல்ல வந்தால், சிலுவை முதலில் அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்காருவான். ஸ்பேனரைத் தொட மாட்டான். எண்ணெய் அளக்கிற கம்பியை உருவி மூக்குக்குக் கீழே பிடிப்பான். கருகின வாடை வந்தால் உள்ளே தகடுகள் போய்விட்டன என்று அர்த்தம். பிறகு அடித்தட்டைக் கழற்றி, அதில் தங்கியிருக்கும் வண்டலைக் காந்தத்தால் துழாவுவான். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு. ஒட்டாமல் மினுங்குவது பித்தளை. இரண்டும் இல்லாமல் கையில் கறுப்பாக அப்பினால் அது தகட்டின் மேலிருந்த லைனிங். கால் மணி நேரத்தில் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டே ஒரு தொகை சொல்வான். கொச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பழைய கார் சேர்ப்பவர்கள் அந்தத் தொகையைக் கேட்கத்தான் தூத்துக்குடிக்கு வருகிறார்கள்.

நான் இன்சூரன்ஸ் சர்வேயர். பெயர் செந்தில்வேல். முப்பது வருடமாக இடிபட்ட வண்டிகளைப் பார்த்து நஷ்டம் எழுதி வருகிறேன். மனிதர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. பம்பரின் நசுங்கல் சொல்வதை நம்புவேன். அதனால் எனக்கு நண்பர்கள் குறைவு. சிலுவை ஒருத்தன்தான் மிச்சம், அவனும் என்னை மதித்துப் பழகுகிறவன் இல்லை. ஒவ்வொரு தடவையும் “வாடே, இல்லாத நஷ்டத்தை எழுதுறவனே” என்றுதான் கூப்பிடுவான்.

அவனுக்குச் சொந்த ஊர் பெரியதாழை. பதினாறு வயதில் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தான். விசைப்படகின் கியர்பாக்ஸில் எண்ணெய் அழுத்தம் தகடுகளை இறுக்கிப் பிடிக்கும், விடும். கிளட்ச் பெடல் இல்லாத அமெரிக்கக் கார்களின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸிலும் நடப்பது ஏறக்குறைய அதேதான். மதுரைக் கார் மெக்கானிக்குகள் அதைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் தகடுகளையும் ஸ்பிரிங்குகளையும் கண்டு பயந்து மூடினார்கள். சிலுவைக்கு அது படகுச் சாமான் மாதிரிதான் தெரிந்தது. அப்படித்தான் கடலிலிருந்து கரைக்கு வந்து, துறைமுகச் சாலைப் பக்கம் உப்புக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் சொந்தமாகக் கொட்டகை போட்டான்.

ஆனால் அந்தக் காலத்தில் அவன் செய்தது பழுது பார்க்கும் வேலை இல்லை. மில் முதலாளிகள், உப்பளக்காரர்கள், எஸ்டேட்காரர்கள் வீடுகளில் பெரிய பெரிய கார்கள் நின்றன. கியர்பாக்ஸ் கெட்டால் உதிரி கிடைக்காது. அதனால் ஆட்டோமேட்டிக்கை அப்படியே கழற்றிவிட்டு, ஜீப்பின் கை கியரைப் போடச் சொல்வார்கள். லேத்தில் கடைந்த ஒரு தகட்டை நடுவில் வைத்து, தரையில் ஓட்டை போட்டு, ஒரு கியர் லீவரையும் ஒரு கிளட்ச் பெடலையும் வெல்டிங் வைத்தால் ஒரு வாரத்தில் வண்டி ஓடும். இப்படி நாற்பத்தொரு கார்களுக்கு மாற்றினான். எண்ணிக்கை அவனே சொன்னது.

கழற்றின சாமான் மெக்கானிக்குக்கு. இது எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் உள்ள வழக்கம். கார்க்காரர் கேட்கவும் மாட்டார், மெக்கானிக் சொல்லவும் மாட்டான். ஆனால் வார்ப்பிரும்புக் கூடு போட்ட அந்தக் கியர்பாக்ஸ்களை வைத்து சிலுவை என்ன செய்வான்? தூக்கவே இரண்டு பேர் வேண்டும், கொட்டகையிலோ இடம் இல்லை. திரேஸ்புரத்து வள்ளக்காரர்கள் வந்து கேட்டார்கள். கரையோரம் வள்ளத்தைக் கட்டிப்போட அடியில் கனமாக ஏதாவது கிடக்க வேண்டும் அல்லவா, அதற்கு. சிலுவை ஒவ்வொன்றின் தலையிலும் கயிறு கட்ட ஒரு இரும்பு வளையம் வெல்டிங் வைத்துக் கொடுத்தான். பத்தொன்பது கியர்பாக்ஸ்கள் அப்படித் திரேஸ்புரம் கடலுக்குள் போயின. இன்று அவற்றில் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்வார்கள். இதைச் சொல்லி நான் எத்தனையோ தடவை அவனைக் கிண்டல் செய்திருக்கிறேன். “அன்னைக்கு அது கல்லுதான்ல” என்பான், அவ்வளவுதான்.

பதினைந்து வருடங்களுக்கு முன்னால் காற்று திசை மாறியது. பழைய கார் என்றால் எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்று பணக்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். கை கியரைக் கழற்று, ஆட்டோமேட்டிக்கைத் திரும்பப் போடு. கழற்றினவனுக்குத்தான் மாட்டவும் தெரியும் என்று சிலுவையிடமே வந்தார்கள். மதிப்புச் சொல்லவும் அவனையே கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் ஒரு கொச்சிக்காரர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார், குறைத்துச் சொல்லிவிட்டு நீயே எடுத்துக்கொள்ளத்தானே பார்க்கிறாய் என்று. அன்று முழுக்க அவன் சாப்பிடவில்லை. அதிலிருந்து ஒரு முறை வைத்துக்கொண்டான். தான் பார்த்து மதிப்புச் சொன்ன எதையும் தான் வாங்குவதில்லை, பிறகு அது எத்தனை கை மாறி வந்தாலும் சரி. நானும் மதிப்பு எழுதுகிறவன்தான். எனக்கு அப்படி ஒரு முறை கிடையாது, அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமும் கிடையாது.

பிலோமினா டீச்சர் வந்தது 2023 ஆகஸ்ட்டில், பனிமய மாதா கோயில் திருவிழாக் கொடி இறக்கிய மறு வாரம். நான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய பச்சை நிறக் கார் கொட்டகைக்குள் நுழைந்தது. வாடகை டிரைவர் இறங்கிப் பின் கதவைத் திறந்தார். டீச்சருக்கு அறுபத்தாறு வயது. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பியது. காலில் இரும்புக் காலிப்பர் கட்டி, கம்பு ஊன்றித்தான் நடப்பார். அவருடைய அப்பா தோணியை நடத்தும் தண்டலாக இருந்து, கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போனவர். ஊரில் பாதிப் பேருக்கு டீச்சர்தான் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். எனக்கும் என் மகளுக்குமாகச் சேர்த்து அவர் போட்ட திட்டுக் கொஞ்சமில்லை.

“இந்த வண்டியை ஞாபகம் இருக்கா சிலுவை?”

“இருக்கு டீச்சர். தொண்ணூத்தாறுல உங்க அண்ணன் கொண்டு வந்தாங்க. கை கியர் போட்டுக் கொடுத்தேன். நல்லா ஓடுதா?”

“ஓடுது. நான்தான் ஓட்டல.”

சிலுவைக்குப் புரியவில்லை. டீச்சர் டேஷ்போர்டைத் திறந்து பழைய ஆர்சி புத்தகத்தை எடுத்து நீட்டினார். உரிமையாளர் பெயர் இருந்த இடத்தில் அவர் பெயர் இருந்தது. 1979 முதல் அவர் பெயர்தான்.

அப்பா அந்தக் காரை ஊரை விட்டுப் போன ஒரு கப்பல் ஏஜெண்டிடமிருந்து மகளுக்காகவே வாங்கினார். ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்ச் கிடையாது, இடது காலுக்கு வேலை கிடையாது. அதற்காகத்தான் வாங்கினார். டீச்சர் பதினேழு வருடம் தினமும் அதில்தான் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தார். அவருடைய அண்ணனுக்கு இரண்டு விசைப்படகுகள் இருந்தன. படகுக் கியர்பாக்ஸுக்கு இன்ஜின் ஆயிலைத்தான் ஊற்றுவார்கள். ஒருநாள் தங்கையின் காரிலும் எண்ணெய் குறைவதைக் கண்டு, பாசமாகப் படகு எண்ணெயை எடுத்து ஊற்றிவிட்டார். காருக்கு வேறு மாதிரி, மெல்லிய சிவப்பு எண்ணெய். இந்த ஊரில் மட்டுமே ஒருவருக்குத் தோன்றக்கூடிய உதவி அது. மூன்று மாதத்தில் தகடுகள் வழுக்கிப் போயின. அண்ணன் வண்டியைச் சிலுவையிடம் கொண்டு வந்தார். வாரக் கடைசியில் கிளட்ச் பெடலோடு வீட்டுக்கு ஓட்டிப் போனார்.

“இருபத்தேழு வருசமா பின் சீட்டுல உக்காந்திருக்கேன், என் வண்டியிலயே” என்றார் டீச்சர். குரலை உயர்த்தவில்லை. “அண்ணன் போய்ச் சேந்தாச்சு. அண்ணன் பிள்ளைங்க கனடாவுல. இப்போ திரும்ப ஆட்டோமேட்டிக்காக்கிக் கொடு.”

“புதுசா ஒரு ஆட்டோமேட்டிக் கார் வாங்கிக்கலாமே டீச்சர்” என்று நான் வாயை விட்டேன்.

“புது வண்டி வாங்கத் தெரியாமலா இங்கன வந்து நிக்கேன்? நீ டீயைக் குடி.”

குடித்தேன். என் படிவத்தில் வண்டியை ஓட்டியவர் யார் என்ற கேள்விதான் முதலில் வரும். ஒர்க்‌ஷாப்பில் அதை யாரும் கேட்பதில்லை. கியர்பாக்ஸின் நம்பரை எழுத்துக்கு எழுத்துப் படிக்கிறவன், ஆர்சியில் இருந்த பெயரைப் படிக்கவில்லை. சிலுவையின் முகம் அதைக் காட்டிவிட்டது. கறுத்துப் போனான்.

“யாரு ஓட்டுதாங்கன்னு நான் கேக்கல டீச்சர்.”

“கேக்கலதான். என் கியர்பாக்ஸ் எங்கன இருக்கு?”

“கடல்ல.”

டீச்சர் சிரிக்கவில்லை. “எடு” என்றார்.

அது ஒன்றுக்கும் ஆகாது என்று சிலுவை சொல்லிப் பார்த்தான். வகுப்பில் விடை தப்பாகச் சொன்னவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். மறு நாள் காலை திரேஸ்புரம் போனோம். அந்தக் கியர்பாக்ஸை வாங்கிப் போன வள்ளக்காரர் இப்போது உயிரோடு இல்லை, ஆனால் அவர் மகன் அதே இடத்தில்தான் வள்ளத்தைக் கட்டுகிறான். சங்கு குளிக்கப் போகிற ஸ்டெபின் இரண்டு பாகம், அதாவது இரண்டு ஆள் ஆழத்தில் இறங்கிக் கயிறு கட்டினான். ஆறு பேர் இழுத்தார்கள். சிலுவை வைத்த வளையம் மட்டும் அப்படியே இருந்தது. மற்றபடி சிப்பியும் பாசியும் அப்பின ஒரு உருண்டை. கரையில் போட்டதும் இன்ஜின் பக்கத்து ஓட்டையிலிருந்து ஒரு பேய்க்கணவாய் எட்டுக் கையையும் நீட்டி வெளியே வந்து, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தண்ணீரை நோக்கி நடந்தது. குடியிருந்த வீட்டைக் காலி செய்த கோபம் அதற்கு. எல்லாரும் சிரித்தோம். டீச்சர் மட்டும் கம்பால் அந்த உருண்டையைத் தட்டினார். ஒரு துண்டு ஓடு மாதிரி உடைந்து விழுந்தது.

“சரி” என்றார். “இது முடிஞ்சது. வேற பாரு.”

வேறு ஒன்று கிடைப்பது லேசில்லை. அந்த வருடத்து இன்ஜினோடு சேருகிற பாக்ஸ் வேண்டும். சிலுவை கொச்சியிலும் மும்பையிலும் தெரிந்தவர்களை எல்லாம் கேட்டான். இரண்டு மாதம் ஒன்றுமில்லை. டீச்சர் வாரம் ஒரு தடவை போன் செய்து “என்ன ஆச்சு?” என்று மட்டும் கேட்பார். போன் வரும் செவ்வாய்க்கிழமை என்றால் சிலுவை காலையிலிருந்தே யாரிடமும் பேச மாட்டான்.

அக்டோபரில் வீரபாகு அண்ணாச்சி கூப்பிட்டார். துறைமுகத்தில் இறங்கும் பழைய இரும்பை ஏலத்தில் எடுத்து, மடத்தூர்ப் பக்கம் யார்டில் பிரித்து விற்கிறவர். “ஏலே சிலுவை, ஒரு கியர்பாக்ஸ் வந்துருக்கு. பழைய கார் சேக்குற நாகர்கோவில் ஜெஃப்ரி கேட்டுருக்காரு, திங்கக்கிழமை வாராரு. நீ வந்து மதிப்புச் சொல்லிட்டுப் போ” என்றார். நம்பரைப் படிக்கச் சொன்னான் சிலுவை. படித்தார். டீச்சரின் காருக்குப் பொருந்துகிற நம்பர்.

நான் சந்தோஷப்பட்டேன். அவன் படவில்லை. ஸ்கூட்டரில் என் பின்னால் ஏறி உட்கார்ந்தான். யார்டின் கேட்டுக்குள் நுழைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பார்த்தால் மதிப்புச் சொல்ல வேண்டும். மதிப்புச் சொன்னால் வாங்கக் கூடாது.

“ஒரு தடவைதானடே” என்றேன். “யாருக்குத் தெரியப் போகுது?”

“உனக்குத் தெரியும்லா” என்றான்.

கியர்பாக்ஸ் ஒரு பலகையின் மேல் இருந்தது. சிலுவை பத்தடி தூரத்திலேயே நின்றுவிட்டான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“என்னல அங்கனயே நிக்க? வா, வந்து பாரு” என்றார் அண்ணாச்சி.

“நான் பாக்க மாட்டேன் அண்ணாச்சி. நான் வாங்க வந்துருக்கேன். எடை போடுங்க.”

அந்த யார்டில் ஒரு முறை உண்டு. திறந்து பார்க்காத சாமான் எடைக்கு. திறந்து மதிப்புச் சொன்ன சாமான் மதிப்புக்கு. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளைக் குவியலாகத் திறக்காமலேதான் ஏலம் விடுவார்கள், உள்ளே இருப்பது எடுத்தவன் பாடு. அண்ணாச்சியின் முறையும் அந்த மாதிரிதான். ஆனால் இதுவரை சிலுவை எதையும் திறக்காமல் வாங்கினதில்லை. அண்ணாச்சியின் கண் சுருங்கியது. நாற்பது வருட வியாபாரி.

“நீ பாக்காம வாங்குதேன்னா, அது நல்ல சாமானாத்தான் இருக்கணும். அங்கன நின்னே மோந்துட்டியோ?”

“காத்து கடல்லேருந்து அடிக்கி அண்ணாச்சி. நான் கடல் பக்கமாத்தான நிக்கேன், வாடை எனக்கு எப்படி வரும்?”

அண்ணாச்சி நிஜமாகவே வேட்டி நுனியைத் தூக்கிக் காற்றுத் திசை பார்த்தார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. திருப்தியான பிறகும், சந்தேகத்துக்காக எடையின் விலையை இரண்டு மடங்காக்கினார். சிலுவை பேரம் பேசவில்லை.

“ஜெஃப்ரிக்கு என்னல சொல்ல?”

“மதிப்புச் சொல்ல ஆள் கிடைக்கலன்னு சொல்லுங்க.”

ஊரிலேயே கியர்பாக்ஸைப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள், பார்க்காமல் ஒரு கியர்பாக்ஸை வாங்கிக்கொண்டு போனான். சின்ன யானை வேனில் ஏற்றும்போதும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நின்றான். எனக்கு எரிச்சலாக வந்தது. கிறுக்குத்தனம் என்று அன்றும் சொன்னேன், இன்றும் அதுதான் என் கருத்து. ஆனால் அவனை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கொட்டகைக்கு வந்து கம்பியை உருவினான். கருகின வாடை எனக்கே அடித்தது. அடித்தட்டைக் கழற்றினால் கறுப்பு வண்டல். தகடுகள் எல்லாம் லைனிங் உரிந்து மொட்டை இரும்பாக இருந்தன. பம்பும் மற்ற உறுப்புகளும் தேறும், தகடுகள் தேறாது. சிலுவை சிமெண்ட் தரையில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டான்.

“தகடு வெளிநாட்டுலேருந்து வரும்லா?” என்று கேட்டேன்.

“இந்த மாடலுக்கு இப்போ வர்றதில்ல. ரப்பர் சீல்தான் கிடைக்கும்.”

பிறகு எழுந்து மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனான். விசைப்படகுக் கியர்பாக்ஸில் லைனிங் தேய்ந்தால் அங்கே தகட்டைத் தூக்கி எறிய மாட்டார்கள். பழைய தகட்டின் மேலேயே புது லைனிங் ஒட்டி, அழுத்தம் கொடுத்துச் சூடேற்றி எடுப்பார்கள். பதினாறு வயதில் அவன் முதலில் கற்றுக்கொண்ட வேலை அது. ஆறு வாரம் ஆயிற்று. முதல் தடவை லைனிங்கின் கனம் கூடிப்போய் தகடுகள் உள்ளே இறங்கவில்லை. உரித்து மறுபடியும் ஒட்டினான். ஜீப் கியரை இறக்கி, லீவர் ஓட்டையை மூடி, கிளட்ச் பெடலை அறுத்து எடுத்தான். கடைசியில் சிவப்பு எண்ணெயை ஊற்றினான். எண்ணெய்க் குழாயின் வாயில் வெள்ளைப் பெயிண்டால் ‘படகு ஆயில் ஊத்தாதே’ என்று எழுதியும் வைத்தான்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசை முடிந்து டீச்சர் ஆட்டோவில் வந்து இறங்கினார். வாடகை டிரைவரை அழைத்து வரவில்லை. காரைச் சுற்றி வந்தார். குனிந்து பெடல்களைப் பார்த்தார். இரண்டுதான் இருந்தன.

“இதுக்கு இப்போ என்ன மதிப்பு?” என்று கேட்டார்.

“விக்கப் போனா ஒண்ணும் தேறாது டீச்சர். பாக்ஸ் வேற வண்டியோடது, தகட்டுல படகு லைனிங். கார் சேக்குறவன் எவனும் தொட மாட்டான்.”

“படகு லைனிங்கா?”

“ஆமா. நம்ம துறைமுகத்துல ஒட்டுறதுதான்.”

டீச்சர் அவனைப் பார்த்தார். கணக்கில் ஒரு படியை விட்டுவிட்டு விடை எழுதின பையனைப் பிடித்துவிட்ட பார்வை அது.

“இந்த லைனிங் தொண்ணூத்தாறுலயும் இருந்துச்சா?”

சிலுவை பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

“இருந்துச்சு டீச்சர்.”

“அப்போ அன்னைக்கே இதைச் செஞ்சிருக்கலாம்.”

“செஞ்சிருக்கலாம். ரெண்டு மாசம் ஆகும்னு சொல்லியிருக்கணும். கை கியர்னா ஒரு வாரம்னேன். உங்க அண்ணன் ஒரு வாரமே போதும்னாங்க.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அறுபத்தொரு வயது ஆள் அப்படி நின்றதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. டீச்சர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. முன் கதவைத் திறந்து, இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். கம்பைப் பக்கத்து சீட்டில் போட்டார். சாவியைத் திருப்பினார். லீவரை இழுத்ததும் வண்டி லேசாக ஒரு உதறு உதறித் தயாராக நின்றது.

பிறகு கதவுக் கண்ணாடியை இறக்கினார்.

“அந்தப் பெடல் எங்கன?”

“எந்தப் பெடல்?”

“அறுத்தேல்ல, அது.”

“கிடக்கு டீச்சர். கழற்றின சாமான் மெக்கானிக்குக்கு...” என்று வாய் பழக்கத்தில் சொல்ல ஆரம்பித்து நிறுத்தினான்.

“இந்தத் தடவை எனக்கு. கொண்டா.”

சிலுவை கொட்டகையின் மூலையிலிருந்து அந்தக் கிளட்ச் பெடலை எடுத்துவந்து கொடுத்தான். அவன் கையால் வெல்டிங் வைத்தது. டீச்சர் அதைக் கம்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“இது என்னத்துக்கு டீச்சர்?” என்று நான் கேட்டேன்.

“திரேஸ்புரம் வழியாப் போறேன்” என்றார். “கடல்ல போட்டுட்டு வீட்டுக்குப் போவேன்.”

வண்டி கிட்டங்கிகளைத் தாண்டி வடக்கே, திரேஸ்புரம் பக்கம் திரும்பியது. வீடு தெற்கே இருக்கிறது.